மனைத் தோட்டத்தில் பூஞ்செடிகள்

நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. அண்டை வீட்டில் மல்லிகை பூத்துக் குலுங்குவதைக் காண்கிறோம். ஒரு கிளையைக் கேட்டு வாங்கி வந்து நம் வீட்டுக் கொல்லையில் நடுகிறோம். சில நாட்கள் அது தளிர்க்கிறது. பிறகு சித்திரை வெயில் தொடங்குமுன்பே கருகிவிடுகிறது. "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டு, அந்த மூலையை விறகு அடுக்கவும் குப்பை கொட்டவும் விட்டுவிடுகிறோம். கடையில் பூ வாங்க நாள்தோறும் காசு செலவாகிறது. வீட்டில் பயன்பட்ட நீரோ தெருவில் ஓடித் தேங்குகிறது.

செடி பட்டுப்போனது கைராசிக் குறைவால் அன்று. இடத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுக்காமல், பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே அதற்குக் காரணம். கத்தரியோ வெண்டையோ தவறினால் ஒரு பருவத்தோடு நட்டம் தீர்ந்தது. புதராக வளரும் பூஞ்செடியோ, நட்ட இடத்திலேயே பத்து ஆண்டுகளுக்கு மேலாக நின்று பயன் தர வேண்டியது. ஆகவே, எதை நடுவது என்று முடிவு செய்வதற்கு முன், நம் மனையை நாம் நன்கு அறிந்துகொள்ள வேண்டும்.

மனையை அறிதல்

முதலில் காண வேண்டியது வெயில். ஒரு நாள் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் கொல்லையைச் சுற்றி வந்து, வெயில் எங்கே விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். மார்கழியில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால் வீட்டின் வடபுறம் நிழலாகவே இருக்கும். சித்திரை கழிந்தபின் அங்கும் வெயில் எட்டிப்பார்க்கும். இந்த வேறுபாட்டையும் கருத்தில் கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வெயில் படாத இடத்தில் மல்லிகையும் ரோஜாவும் இலை விடுமே அன்றி, நிறைவாகப் பூக்கமாட்டா.

இரண்டாவது, நீர். 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தின்படி, ஊரகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது அளவாகும். நால்வர் உள்ள குடும்பத்திற்கு இது 220 லிட்டர். இதில் பெரும்பகுதி குளிக்கவும் கழுவவும் பயன்பட்டு வெளியே வந்துவிடுகிறது. இந்த நீரில் ஒரு பகுதியே பத்துப் பன்னிரண்டு செடிகளுக்குப் போதும். ஆயினும் சோப்பு நீரை நேரே வேரில் விடுதல் நன்றன்று. சிறு வாய்க்கால் வெட்டி, அதில் கூழாங்கல்லும் மணலும் பரப்பி, ஓரத்தில் கல்வாழையை நட்டு, அதன் வழியே வடிந்து வரும் நீரைச் செடிகளுக்குத் திருப்பலாம். சலவைத் தூள் மிகுதியாகக் கலந்த நீரைத் தவிர்ப்பது நலம்.

மூன்றாவது, மண். ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி, அதில் நீரை நிரப்புங்கள். சில மணி நேரத்தில் நீர் வடிந்துவிட்டால் எச்செடிக்கும் அது ஏற்ற மண்ணே. மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அங்கே மல்லிகையின் வேர் அழுகிவிடும். கரிசல் நிலத்தில் இந்நிலை மிகுதி. அத்தகைய இடங்களில் ஓரடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைத்து, மணலும் தொழு உரமும் கலந்து நட வேண்டும்.

நான்காவது, ஆடும் மாடும் கோழியும். வேலி இல்லாத மனையில் நட்ட செடியை முதலில் கண்டுகொள்வது ஆடுதான். முதல் ஆண்டு முழுவதும் மூங்கில் படலோ முள்வேலியோ இட்டுக் காத்தல் இன்றியமையாதது.

இடத்திற்கேற்ற செடிகள்

நிறைந்த வெயிலும் வடிகாலுள்ள செம்மண்ணும் அமைந்த இடத்திற்குக் குண்டுமல்லி முதன்மையானது. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பூவின் தன்மைக்கும் அது வளரும் நிலத்திற்கும் உள்ள உறவை ஏற்றுக்கொண்டு வழங்கப்படும் அடையாளம் அது. முல்லையும் பிச்சியும் இவ்வகை இடத்தையே விரும்புவன. கொடியாகப் படரும் இயல்புள்ள இவற்றுக்குச் சிறு பந்தல் இட்டுத் தரலாம், அல்லது ஆண்டுதோறும் வெட்டிப் புதராகவே வைத்துக்கொள்ளலாம்.

செம்பருத்தி எவ்வகை மண்ணிலும் வாழும். வெயில் மட்டும் வேண்டும். ஒரு பூ ஒரு நாளே நிற்கும் எனினும், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு கிளையில் மொட்டு இருந்துகொண்டே இருக்கும். முதன்முதலாகத் தோட்டம் போடுவோர் இதனைக்கொண்டு தொடங்குதல் நன்று.

இட்லிப்பூ என நாம் வழங்கும் வெட்சி, செம்மண்ணிலும் செம்புறை மண்ணிலும் செழிக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் அதன் இளந்தளிர்கள் மஞ்சளாக வெளிறும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதனை உறிஞ்ச இயலாமையே இதற்குக் காரணம். சுவரோரத்தில் கட்டட வேலையின்போது கொட்டிய சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த மண்ணில் இதனை நட்டுவிட்டு, ஏன் தேறவில்லை என்று வருந்துவோர் பலர்.

தென்னை, வேம்பு ஆகியவற்றின் அரை நிழலில் நந்தியாவட்டையும் கனகாம்பரமும் ஏற்றவை. நந்தியாவட்டையில் ஒற்றை, அடுக்கு என இருவகை உண்டு. கனகாம்பரத்தில் டெல்லி வகை விதை பிடிப்பதில்லை. அதனைப் போத்து நட்டே பெருக்க வேண்டும். பிற வகைகளை விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கனகாம்பரம் நட்டால் வேரைத் தாக்கும் நூற்புழுக்கள் பெருகும். ஆதலால் இடத்தை மாற்றி நடுதல் வேண்டும்.

நீர் மிகக் குறைந்த வேலியோரத்திற்குக் காகிதப்பூவும் டிசம்பர் பூவும் உரியன. காகிதப்பூவுக்கு நீரை மிகுத்தால் இலையே பெருகும். சற்றுக் காயவிட்டால்தான் நிறையப் பூக்கும். டிசம்பர் பூவோ ஆண்டின் பெரும்பகுதி கவனிப்பாரின்றிக் கிடந்து, குளிர்காலத்தில் மற்றச் செடிகள் ஓய்ந்திருக்கும் வேளையில் பூத்து நிற்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெயில் நன்கு விழும் கொல்லையின் தென்பகுதியில் குண்டுமல்லி நான்கு, பிச்சி ஒன்று. முன்புறத்தில் செம்பருத்தி ஒன்று. மரநிழலில் நந்தியாவட்டை ஒன்றும் கனகாம்பரம் ஆறும். வேலியோரம் டிசம்பர் பூ. இவ்வாறு அமைத்தால் பங்குனி முதல் ஆடி வரை மல்லிகையும், கோடையின் பிற்பகுதியிலிருந்து பிச்சியும், கார்த்திகை முதல் தை வரை டிசம்பர் பூவும், இடையிடையே செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வீட்டில் பூ இல்லாத மாதமே இல்லையெனச் செய்துவிடும்.

விழிப்புடன் இருக்க வேண்டியவை

ஆடு மேயாது, நீர் வேண்டாது, ஆண்டு முழுவதும் பூக்கும் என்று அரளியைப் பலரும் நாடுகின்றனர். நெடுஞ்சாலைகளின் நடுவே இதனை நட்டு வைத்திருப்பதற்கும் இவையே காரணங்கள். ஆயினும், ஆடு மேயாது என்பதே அதன் நஞ்சுக்குச் சான்றன்றோ? அரளியின் இலை, பூ, பட்டை, வேர் யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. மஞ்சள் அரளியின் விதை மிகவும் கொடியது. வெட்டிப் போட்ட அரளித் தழை உலர்ந்தபின் தீவனத்தில் கலந்துவிட்டால், மாடும் உயிரிழக்க நேரிடும். அதன் குச்சிகளை அடுப்பெரிக்கவும் பயன்படுத்தலாகாது. தவழும் குழந்தைகள் உள்ள வீட்டிலும், மாட்டுத் தொழுவத்திற்கு அருகிலும் அரளி வேண்டா. எவரேனும் அதனைத் தின்றுவிட்டதாக ஐயம் எழுந்தால், கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மற்றொன்று, உண்ணிச்செடி. பல நிறப் பூங்கொத்துகளுடன் அழகாகத் தோன்றும் இச்செடி அயல்நாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகிற்காகவே இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகளால் விதை பரவி, இன்று முதுமலை போன்ற காடுகளில் புல்லை வளரவொட்டாமல் மூடி நிற்கிறது. கால்நடைகளுக்கும் நஞ்சாகும் இதனை வேலிக்கென்று நடுதல் தகாது.

மல்லிகையின் மணத்தை நாடிப் பாம்பு வரும் என்று அஞ்சுவோரும் உண்டு. பாம்பு நாடுவது மணத்தை அன்று. அடர்ந்த புதரின் அடியில் ஒளியும் எலியையும் தவளையையுமே. தரையிலிருந்து ஓரடி உயரம் வரை கிளைகளைக் கழித்து, சருகுகளை அவ்வப்போது அகற்றி வந்தால் இந்த அச்சத்திற்கு இடமில்லை.

நடும் முறை

வடகிழக்குப் பருவமழையே நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. ஆதலால் ஆடியில் குழி தோண்டி ஆறவிட்டு, ஆவணி, புரட்டாசியில் நட்டால், ஐப்பசி மழையில் வேர் ஊன்றிக்கொள்ளும். கோடை வருமுன் செடி தன் காலில் நின்றுவிடும். தை, மாசியில் நடும் செடிக்குக் குடம் குடமாக நீர் சுமக்க வேண்டிவரும்.

குண்டுமல்லிக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓரடியாகக் குழி எடுத்து, மேல்மண்ணுடன் 10 கிலோ மட்கிய தொழு உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி நட வேண்டும். செடிக்குச் செடி நான்கு அடி இடைவெளி வேண்டும். பிச்சிக்குக் குழி ஒன்றரை அடியும், இடைவெளி ஐந்து அடிக்குக் குறையாமலும் இருத்தல் நலம். எச்செடியையும் சுவரை ஒட்டி நடாமல் மூன்று அடி தள்ளி நட்டால் காற்றும் வெளிச்சமும் எல்லாப் பக்கமும் கிடைக்கும்.

கன்றுகளை அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் வாங்கலாம். வீட்டிலேயே உண்டாக்குவதும் எளிதே. முற்றிய கிளையில் பென்சில் பருமனுள்ள பகுதியை முக்கால் அடி நீளத்திற்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் களைந்து, இரண்டு கணுக்கள் புதையுமாறு மணல் கலந்த மண்ணில் நட்டு, நிழலில் ஈரம் காத்து வர வேண்டும். அண்டை வீட்டுக் கிளை பட்டுப்போவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. பூவும் தளிருமாக உள்ள இளங்கிளையை ஒடித்து வந்து நேரே வெயிலில் நட்டால், வேர் விடுமுன்பே அதன் ஈரமெல்லாம் இலை வழியே வெளியேறிவிடுகிறது. மல்லிகையில் தாழ்ந்த கிளையை வளைத்து, பட்டையைச் சற்றுக் கீறி, மண்ணில் புதைத்துப் பதியனிட்டால் மூன்று நான்கு மாதங்களில் வேரூன்றிய கன்று கிடைக்கும்.

வெட்டத் தயங்கலாகாது

பூஞ்செடி வளர்ப்பில் நம் மக்கள் செய்யும் பெரும் பிழை, கவாத்து செய்ய அஞ்சுவதே. பச்சைச் செடியை வெட்டலாமா என்று இரக்கப்படுகிறோம். ஆனால் மல்லிகை பூப்பது புதிதாக வரும் கிளைகளில். பழைய கிளைகள் பெருகப் பெருகச் செடி பெரிதாகுமே தவிரப் பூ குறைந்துகொண்டே போகும். குண்டுமல்லியைக் கார்த்திகையில், அதாவது நவம்பர் இறுதியில், கவாத்து செய்ய வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்னதாக நீர் விடுவதை நிறுத்திவிட்டு, புதரைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிடலாம். காய்ந்த கிளைகளையும் நோயுற்ற கிளைகளையும் அறவே நீக்கி, தூரைச் சுற்றிக் கொத்தி, தொழு உரமிட்டு, பின்னர் நீர் பாய்ச்ச வேண்டும். முல்லைக்குத் தை மாதம் உரியது. முதல் முறை வெட்டும்போது மனம் கலங்கும். பங்குனியில் மொட்டுக் கட்டுவதைக் காணும்போது அக்கலக்கம் தீர்ந்துவிடும்.

பூச்சியும் நோயும்

செம்பருத்தியில் வெண்பஞ்சுபோல் ஒட்டும் மாவுப்பூச்சிக்கு, மிகுதியாகத் தாக்குண்ட கிளைகளை வெட்டி அழித்துவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். மல்லிகை மொட்டுகளைத் துளைக்கும் மொட்டுப்புழுவைக் கண்டால், தாக்குண்ட மொட்டுகளை நாள்தோறும் பறித்து அழிக்க வேண்டும். இளந்தளிர்கள் வெளிறினால், ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை இலைகளில் தெளித்தால் குணம் தெரியும். தொட்டிகளில் வளர்ப்போர் அடித்தட்டில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய நீரில்தான் முட்டையிடுகிறது.

இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவோ தனித்திறமையோ வேண்டுவதன்று. வெயிலைப் பார்த்து இடம் குறித்தல், மண்ணைச் சோதித்துச் செடி தேர்தல், மழையை எதிர்நோக்கி நடுதல், காலத்தில் வெட்டுதல் ஆகிய நான்கையும் கடைப்பிடித்தால் எவர் கையிலும் செடி தழைக்கும். அடுத்த ஆடி வருமுன் உங்கள் கொல்லையை ஒருமுறை சுற்றி வாருங்கள். விறகு அடுக்கியிருக்கும் அந்த மூலையில் வெயில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். அங்கே நடவேண்டிய செடி எது என்பதை அந்த இடமே உங்களுக்குத் தெரிவிக்கும்.