ஏர்கானைக் கழற்றினால் கார் பறக்குமா?

ஜாலான் புசார் வட்டாரத்தில் ஒரு காலத்தில் இரும்புச் சாமான் கடைகளும் வாகன உதிரிபாகக் கடைகளும் வரிசையாக இருந்தன. இன்று அவற்றில் பல காப்பிக் கடைகளாகிவிட்டன. கார் மோகம் மட்டும் குறையவில்லை. என் வகுப்பில் நியூட்டனின் இரண்டாம் விதியை நடத்தும்போதெல்லாம் ஏதாவது ஒரு மாணவர் கேட்பார்: “காரிலிருந்து ஏர்கானைக் கழற்றிவிட்டால் வேகம் கூடுமா?”

கூடும். எவ்வளவு கூடும் என்பதில்தான் கணக்கு இருக்கிறது.

காரின் குளிரூட்டி ஒரே பொருளன்று. எஞ்சின் பக்கத்தில் வாயுவை அழுத்தும் கம்ப்ரசர், முன்முகத்தில் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், ஓட்டுநருக்கு எதிரே உள்ள பலகையின் உள்ளே ஒளிந்திருக்கும் ஆவியாக்கி, இவற்றை இணைக்கும் குழாய்கள், உள்ளே ஓடும் வாயு. எல்லாம் சேர்ந்து சாதாரணக் காரில் ஏறத்தாழ 20 கிலோ எனக் கொள்வோம். ஹீட்டர் இதற்குத் தனி. எஞ்சினின் சூடான நீர் ஓடும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான் அது. சில கிலோ எடை இருக்கும். வெப்ப நாடுகளுக்கென்றே தயாராகும் சில கார்களில் அது இருப்பதே இல்லை.

விசை = நிறை × முடுக்கம். எஞ்சின் தரும் விசை மாறாதபோது, நிறை குறைந்தால் முடுக்கம் கூடும். காரின் எடை 1,200 கிலோ என்றால் 20 கிலோ என்பது 1.7 விழுக்காடு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 10 விநாடி எடுத்த கார், இப்போது சுமார் 9.83 விநாடியில் எட்டும். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான லாபம்!

இதே லாபத்தை வேறு வழியிலும் பெறலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 0.74 கிலோ. 27 லிட்டர் குறைவாக நிரப்பினால் 20 கிலோ மிச்சம். ஆனால் சிங்கப்பூர்க் கார் பிரியர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க அவர்கள் மலேசியாவின் சிப்பாங்கிற்குத்தான் போகிறார்கள். எல்லையைக் கடக்கும் சிங்கப்பூர்க் காரின் தொட்டியில் முக்கால் பங்காவது எரிபொருள் இருக்க வேண்டும் என்பது சட்டம். 45 லிட்டர் தொட்டியில் அது 34 லிட்டர், அதாவது 25 கிலோ. ஏர்கானைக் கழற்றி வியர்த்துக்கொண்டே சோதனைச் சாவடி போய்ச் சேர்பவர், அதைவிடக் கூடுதலான எடையைத் தொட்டியில் சுமந்து நிற்பார்.

இன்னொன்றையும் பாருங்கள். கம்ப்ரசரைச் சுழற்றுவது எஞ்சின்தான். அது உறிஞ்சும் திறன் சுமார் 3 கிலோவாட் என்றால், 80 கிலோவாட் எஞ்சினில் அது கிட்டத்தட்ட 4 விழுக்காடு. எடையைக் குறைத்துப் பெற்ற 1.7 விழுக்காட்டைவிட இது அதிகம். இதை மீட்க ஸ்பானர் தேவையில்லை, ஏர்கான் பொத்தானை அணைத்தால் போதும். பல கார்களில் முடுக்கியை முழுதாக மிதித்தவுடன் கம்ப்ரசர் தானாகவே துண்டிக்கப்படுகிறது.

அப்படியானால் யார் கழற்றுகிறார்கள்? ஒவ்வொரு கிலோவையும் எண்ணுபவர்கள். மெக்லாரன் 765எல்டி காரில் ஏர்கானை நீக்கியதால் 10 கிலோ குறைந்தது. வேண்டும் என்பவர்கள் கூடுதல் கட்டணமின்றிக் கேட்டுப் பெற முடிந்தது. ஆனால் 1987இல் வந்த ஃபெராரி எஃப்40ஐ எண்ணிப் பாருங்கள். தரைவிரிப்பு இல்லை, வானொலி இல்லை, கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடிகூட இல்லை, ஒரு கயிறுதான். ஏர்கான் மட்டும் இருந்தது! அந்தப் பொறியாளர்கள் எதைச் சுமை என்று நினைத்தார்கள், எதைத் தேவை என்று நினைத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பாடம்.

நம் ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடலே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதைப் போக்க நாம் வியர்க்கிறோம். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது நடந்தால் 670 வாட் குளிர்ச்சி, அருமையான ஏற்பாடு. ஆனால் காற்றில் ஈரப்பதம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது. சொட்டித்தான் போகும். நீர் போகும், வெப்பம் போகாது. கவனம் சிதறும், முடிவெடுப்பது தாமதமாகும். 0.17 விநாடியைச் சேமித்த ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதில் அதைவிடக் கூடுதல் நேரத்தை இழந்துவிடலாம்.

மழை வந்தால் ஆபத்து இன்னும் அதிகம். நம் காற்றின் பனிநிலை சுமார் 24 செல்சியஸ். ஓட்டுநரின் மூச்சும் வியர்வையும் காருக்குள் அதை மேலும் உயர்த்தும். மழைநீர் பட்டுக் கண்ணாடி குளிர்ந்ததும், உள்பக்கத்தில் நீர்த்திவலைகள் படிந்து பார்வையை மறைக்கும். ஏர்கான் உள்ள காரில் அந்த ஈரம் குளிர்ந்த ஆவியாக்கியின் மீது படிந்து வெளியேறிவிடுகிறது. சாலையோரம் நிற்கும் காரின் அடியில் சொட்டுவது அந்த நீர்தான்.

கழற்றுவதென்றே முடிவெடுத்தாலும் குழாயை அறுத்து வாயுவை வெளியே விடக்கூடாது. பல கார்களில் உள்ள ஆர்134ஏ வாயு, கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அரை கிலோ கசிந்தால் 700 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். அதற்குரிய இயந்திரத்தால்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

எடையைக் குறைப்பதில் ஃபார்முலா ஒன் அணிகளை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கார்களில் ஏர்கானே கிடையாது. மரினா பே தடத்தில் பந்தயம் இரவில் நடந்தாலும், ஓட்டுநர்கள் இரண்டு மூன்று லிட்டர் வியர்வையை இழக்கிறார்கள். தமிழகத்தின் நரேன் கார்த்திகேயன் 2012இல் இங்கே ஓட்டியபோது, ஓட்டுநரைக் குளிர்விக்கும் கருவியைப் பற்றி விதிகளில் எதுவும் இல்லை. 2023 கத்தார் பந்தயத்தில் வெப்பத்தால் ஓட்டுநர்கள் பலர் நிலைகுலைந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2025 அக்டோபரில், வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 31 செல்சியஸைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டதால், சிங்கப்பூர்ப் பந்தயம் ‘வெப்ப அபாயம்’ என அறிவிக்கப்பட்டது. உலகிலேயே அப்படி அறிவிக்கப்பட்ட முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நம்முடையது.

அதன்படி குளிர்ந்த திரவம் ஓடும் மெல்லிய குழாய்கள் தைத்த மேலாடைக்கான கருவியை ஒவ்வொரு காரிலும் பொருத்த வேண்டியிருந்தது. அதற்காகப் பந்தயத்தில் காரின் குறைந்தபட்ச எடை 5 கிலோ உயர்த்தப்பட்டது. மேலாடையை அணிவதும் அணியாததும் அப்போது ஓட்டுநரின் விருப்பமாக இருந்தது. அணியாதவர் எடையில் லாபம் பார்த்துவிடக்கூடாதே! அவர் தம் இருக்கைப் பகுதியில் அரை கிலோ எடைக்கட்டியை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது.