வகுப்பறையில் ‘வேலைநிறுத்தம்’

தலைப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். இது ஒரு திரைப்படத்தின் பெயர். 2022 அக்டோபரில் நம் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா தொடங்கியபோது முதலில் திரையிட்டது சாப்ளினின் ‘தி கிட்’ என்பது நினைவிருக்கும். வசனமில்லாத படத்தைப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்களா என்று நம்மில் சிலர் அப்போது தயங்கினோம். அதே காலத்து இன்னொரு மௌனப் படம், உயர்நிலை வகுப்புகளின் சமூக அறிவியலுக்குப் பெரிதும் உதவும். செர்கெய் ஐசன்ஸ்டைன் இயக்கி 1925இல் சோவியத் ஒன்றியத்தில் வெளிவந்த ‘வேலைநிறுத்தம்’தான் அது. இருபத்தேழு வயதில் அவர் தந்த முதல் முழுநீளப் படம்.

புரட்சிக்கு முந்தைய ரஷ்யாவில் ஓர் ஆலை. ஒரு தொழிலாளியின் மைக்ரோமீட்டர் திருடு போகிறது. (அறிவியல் பாடத்தில் நாம் நடத்தும் திருகு அளவியின் உறவுக்காரக் கருவி.) விலை 25 ரூபிள், அதாவது மூன்று வாரக் கூலி. முறையிடப் போனவர் மீதே திருட்டுப் பழி விழுகிறது. அவர் உயிரை மாய்த்துக்கொள்கிறார், ஆலை நிற்கிறது. படத்தில் தனி நாயகன் கிடையாது, தொழிலாளர் கூட்டமே நாயகன்.

காரணங்களைப் படம் பொருள்களைக் கொண்டே சொல்கிறது. பங்குதாரர்கள் சுருட்டும் மதுவுமாக அமர்ந்திருக்கிறார்கள். தொழிலாளர்களின் கோரிக்கைத் தாள் அவர்களுக்குத் துடைக்கும் துணியாகிறது. மேசையில் எலுமிச்சை பிழியப்படுகிறது. வெளியே குதிரைக் காவலர்கள் தொழிலாளர்களை நெருக்குகிறார்கள். இரண்டு காட்சிகளையும் மாற்றி மாற்றிக் காட்டும்போது, எதிலும் இல்லாத மூன்றாவது பொருள் பார்ப்பவர் மனத்தில் பிறக்கிறது. இந்த உத்திக்கு ‘மோன்டாஜ்’ என்று பெயர். பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். படத்தை அங்கே நிறுத்தி, “எலுமிச்சை எதுக்கு வந்துச்சு?” என்று கேட்டால் போதும்.

இது ஏதோ தூரதேசத்துக் கதையன்று. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் சிறைக்குப் போனார். நாகப்பட்டினம் பணிமனை பொன்மலைக்கு மாறிய காலம் அது. பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. ஆனால் நம் மௌனப் படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகளோடு நின்றன. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தணிக்கை அதிகாரம் ஆங்கில அரசிடம் இருந்தது. பேசும்படக் காலத்தில், 1934இல் பிரேம்சந்த் எழுதிய ‘மில்’ கூடப் பம்பாயில் தடை செய்யப்பட்டது.

திரையில் வரும் எழுத்து அட்டைகள் ரஷ்ய மொழியில் இருக்கும். அதில் சிக்கலில்லை. அந்நாளில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரையோரம் நின்று ஒருவர் கதை சொல்வார். திருச்சி ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் கருவி வாங்கி ஊர் ஊராகக் காட்டியதும் மௌனப் படங்களையே. கதை சொல்பவரின் இடத்தில் ஆசிரியர் நின்றுகொள்ளலாம்.

படம் ஆறு பகுதிகள் கொண்டது, சுமார் ஒன்றரை மணி நேரம். முழுவதையும் காட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டாம் பகுதியில் தற்கொலைக் காட்சி உண்டு. அதை வாயால் சொல்லிக் கடந்துவிடலாம். ஆறாம் பகுதியில் துப்பாக்கிச் சூட்டோடு மாடு அறுக்கும் காட்சியை இணைத்திருக்கிறார் ஐசன்ஸ்டைன், குழந்தைகளும் தாக்கப்படுகிறார்கள். பள்ளிக்கு அது ஏற்றதன்று. ஒற்றர்களை நரி, ஆந்தை, குரங்கு என்று காட்டும் முதல் பகுதியும், மூன்றும் நான்கும் போதும்.

நான்காம் பகுதியில் மட்டும் கவனம் தேவை. கூலியில்லாத வீட்டில் குழந்தை பசியால் அழுகிறது; வீட்டுப் பொருள்கள் விற்பனைக்குப் போகின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். “உங்க வீட்டுல எப்படி?” என்று எல்லார் முன்னும் கேட்டுவிடக் கூடாது. பெயர் எழுதாத துண்டுத்தாளில், விருப்பம் உள்ளவர்கள் எழுதிப் போடட்டும்.

பிறகு அத்தொழிலாளர்களின் கோரிக்கைகளைக் கரும்பலகையில் எழுதலாம்: எட்டு மணி நேர வேலை, சிறுவர்களுக்கு ஆறு மணி நேரம், 30 சதவீத ஊதிய உயர்வு, மரியாதையான நடத்துமுறை. இவற்றுள் எவை நம் நாட்டில் சட்டமாயின என்று தேடச் சொல்லுங்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்ததையும், 14 வயது நிறையாதவர்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றதையும் கண்டுபிடிப்பார்கள். மரியாதைக்கு எந்தப் பிரிவு என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தப் பாடவேளையை அதற்கே விட்டுவிடலாம்.