சாக்லேட் ஆசையும் பொட்டலத்தின் பின்பக்கமும்

"சில்லறை இல்லைங்க, ரெண்டு சாக்லேட் எடுத்துக்குங்க." மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் பேருந்து நிலையத்து டீக்கடையிலும் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. செல்போனில் பணம் அனுப்பும் வழக்கம் வந்த பிறகு இது குறைந்திருக்கிறது; நின்றுவிடவில்லை. வாங்க நினைக்காத பொருளுக்கு நம் காசு போகிறது. தின்ன நினைக்காத சர்க்கரை நம் வாய்க்கோ, வீட்டில் காத்திருக்கும் குழந்தையின் வாய்க்கோ போகிறது. இதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, அரசு வெளியிட்ட நாணயம்தான் செல்லுபடியாகும் பணம், மிட்டாய் பணமாகாது. "காசாவே குடுங்க, இல்லேன்னா அடுத்த தடவை கழிச்சுக்கலாம்" என்று சொல்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத சிறு பொட்டலங்களுக்கு, என்னென்ன சேர்ந்திருக்கிறது, ஊட்டச்சத்து எவ்வளவு போன்ற விவரங்களை அச்சிடுவதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விவரங்கள் மொத்தமாக வரும் பெட்டியின் மேல் இருக்கும். சில்லறைக்குப் பதிலாகக் கையில் திணிக்கப்படும் மிட்டாயில் நாம் படிப்பதற்கு ஒன்றுமே இருக்காது. கடைக்காரரிடம் அந்த டப்பாவைக் காட்டச் சொல்லிப் படிக்கலாம்.

சாக்லேட்டைக் கண்டால் கை தானாகப் போகிறது, எனக்குக் கட்டுப்பாடே இல்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் திட்டு தேவையில்லாதது. கல்லாவுக்குப் பக்கத்தில், குழந்தையின் கண் உயரத்தில், காசு கொடுக்கக் காத்து நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தைக் குறிவைத்துத்தான் சாக்லேட் அடுக்கப்படுகிறது. அதைப் பார்த்து ஆசை வந்தால் அது பலவீனமாகாது.

உடம்பில் மக்னீசியம் குறைந்தால்தான் சாக்லேட் கேட்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லா மிச்செனர், பால் ரோசின் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராகச் சோதித்தது. சாக்லேட் ஆசை அடிக்கடி வருகிறவர்களை அழைத்து, ஆசை வரும்போது ஒருமுறை பால் சாக்லேட், ஒருமுறை வெள்ளைச் சாக்லேட், ஒருமுறை கோகோ அடைத்த மாத்திரை, ஒருமுறை ஒன்றுமில்லாத மாத்திரை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடச் சொன்னார்கள். கோகோவில் உள்ள ஏதோ ஒரு சத்துக்காகத்தான் உடம்பு கேட்கிறது என்றால், கோகோ மாத்திரையே ஆசையை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. பால் சாக்லேட் நன்றாக அடக்கியது. கோகோவின் திடப்பொருள் ஏதுமில்லாத வெள்ளைச் சாக்லேட்கூட ஓரளவு அடக்கியது. அதனுடன் கோகோ மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆக, நாம் தேடுவது மணம், இனிப்பு, நாக்கில் உருகும் அந்த வழவழப்பு. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் வாயின் சூடு அதைவிடச் சற்று அதிகம். கையில் கெட்டியாக இருப்பது வாய்க்குள் போனதும் கரைகிறதே, அந்தச் சுகம்தான்.

இது நமக்கு நல்ல செய்தி. ஆசை நாக்கில் இருக்கிறது என்றால், அதைத் தீர்க்க முழு பார் தேவையில்லை. ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கடிக்காமல் கரையவிடுங்கள். செல்போனைப் பார்த்தபடி நான்கு துண்டுகளை மென்று விழுங்கினால், வயிற்றுக்குப் போகும், நாக்குக்குக் கிடைக்காது.

மாதவிடாய் நாட்களில் சாக்லேட் கேட்பது இயற்கை என்பதும் அப்படியே நம்பிவிடக் கூடியதல்ல. அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த நாட்டில் பிறந்த பெண்களைவிட வெளிநாட்டில் பிறந்து அங்கே வாழும் பெண்களிடம் இந்த ஆசை கணிசமாகக் குறைவாக இருந்தது. ஹார்மோன் மட்டுமே காரணமாக இருந்தால் ஊருக்கு ஊர் மாறாது. அந்த நாட்களில் ஒரு துண்டு சாப்பிடுவது தவறு என்று யாரும் சொல்ல வேண்டாம். உடம்பு கட்டளையிடுகிறது என்று பயந்து சாப்பிடவும் வேண்டாம்.

இனி அபாயம். பால் சாக்லேட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை இருக்கும். 50 கிராம் பார் ஒன்றைத் தின்றால் 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவுப்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நல்லது. காலை மாலை காபியில் போட்ட சர்க்கரை, பிஸ்கட், சாஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சென்னையின் ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு அது. சாக்லேட் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு தின்கிறோம் என்பதே தெரியாமல் தின்னும் நிலையில் நாம் இருக்கக் கூடாது.

தெரிந்துகொள்ள முடிகிறதா என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. இந்தியச் சட்டப்படி லேபிள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் விற்கும் பொட்டலத்தில் தமிழ் கட்டாயமில்லை. தன் பேரனுக்குச் சாக்லேட் வாங்கும் பாட்டிக்கு, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. இதைவிடப் பெரிய குறை இந்த விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆகவே படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருந்தால், அவர் மற்றவர்களுக்கு மூன்று இடங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

முதலாவது, 'இன்கிரீடியன்ட்ஸ்' என்று தொடங்கும் வரிசை. எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். பல பால் சாக்லேட்டுகளில் முதல் சொல் சர்க்கரை. கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக 'வெஜிடபிள் ஃபேட்', 'ஹைட்ரஜனேட்டட்' என்ற சொற்கள் முன்வரிசையில் நின்றால், அது பேக்கரிக்காரர்கள் 'காம்பவுண்ட்' என்று சொல்லும் மலிவான வகை. வெயிலில் உருகாமல் நிற்கும், பார்க்கச் சாக்லேட் போலவே இருக்கும். இரண்டாவது, 'ஆடட் சுகர்ஸ்' என்ற வரி. மூன்றாவது, அந்தக் கணக்கு 100 கிராமுக்கா, ஒரு 'சர்விங்'குக்கா என்பது. முழுப் பொட்டலமும் ஒரே ஆள் தின்னும் அளவில் இருக்க, 'ஒரு பரிமாறல்' என்று அதில் ஒரு சிறு பங்கை மட்டும் கணக்குக் காட்டினால், எண் சின்னதாகத் தெரியும். 100 கிராம் கணக்கையே பாருங்கள், ஏமாற்றம் வராது.

ஊட்டி, கொடைக்கானல் போனால் கிலோக் கணக்கில் 'ஹோம் மேட்' சாக்லேட் வாங்கி வராதவர் யார்? அங்கே நேர்மையாக நல்ல கோகோவில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உதிரியாக நிறுத்துத் தரும்போது எப்போது செய்தது, எதில் செய்தது, எத்தனை நாள் தாங்கும் என்பது எதிலும் எழுதியிருக்காது. வீட்டிலேயே செய்து விற்பவருக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். அதன் 14 இலக்க எண்ணைக் கேட்கலாம். வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு லேபிள் இல்லாத சாக்லேட்டைக் கொடுக்கவே வேண்டாம் என்பேன்.

உடல்நலத்தில் அக்கறை கொண்டவர்கள் அடுத்துப் போகும் இடம் டார்க் சாக்லேட். இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு அதைச் சுற்றி இருக்கிறது. அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2022இல் முடிவை வெளியிட்ட 'காஸ்மோஸ்' ஆய்வில் கொடுக்கப்பட்டது சாக்லேட் அன்று. கோகோவின் ஃபிளவனால் சாறு அடைத்த மாத்திரை. அதுவும்கூட மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்தப் பாதிப்புகளைத் தெளிவாகக் குறைத்ததாக நிறுவப்படவில்லை. இதய நோயால் ஏற்படும் மரணம் குறைந்த அறிகுறி மட்டும் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு தினமும் ஒரு பார் தின்பதற்கு மருத்துவக் காரணம் சொல்ல முடியாது. அதே 2022 டிசம்பரில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு 28 டார்க் சாக்லேட் பார்களைச் சோதித்தது. அவற்றில் 23ஐ, நாளுக்கு சுமார் 28 கிராம் வீதம் தின்றாலே, ஈயமோ காட்மியமோ அந்த அமைப்பு அளவுகோலாக எடுத்துக்கொண்ட வரம்பைத் தாண்டியது. காட்மியம் கோகோ மரம் மண்ணிலிருந்து உறிஞ்சுவது. ஈயம் பெரும்பாலும் கொட்டையைக் காயவைக்கும்போது தூசியோடு வந்து படிவது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் டார்க் சாக்லேட்டை அன்றாடப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். மற்றவர்கள் எப்போதாவது இரண்டு துண்டு தின்பதற்குப் பயப்படவும் வேண்டாம். சர்க்கரை குறைவு என்பது உண்மைதான். 70 சதவீத கோகோ உள்ளதில் பால் சாக்லேட்டின் சர்க்கரையில் ஏறக்குறைய பாதியே இருக்கும்.

'சுகர் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் விதிகள் சொல்கின்றன. சர்க்கரைக்குப் பதில் பெரும்பாலும் மால்டிடால் சேர்ப்பார்கள். அது இரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றும். ஏற்றவே ஏற்றாது என்றில்லை. கலோரியும் உண்டு, கொழுப்பு அப்படியே உண்டு. அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு. நீரிழிவு உள்ள அப்பாவுக்கு 'இதில் சர்க்கரையே இல்லை' என்று பெட்டியோடு கொடுத்துவிடாதீர்கள்.

பாலில் கலக்கும் சாக்லேட் பொடியையும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் பிள்ளைகளின் உடம்புக்குச் சாக்லேட் போய்ச் சேரும் அன்றாட வழி அதுதான். 2023இல் சமூக ஊடகத்தில் ஒருவர் போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவைப் பற்றி வீடியோ போட்டார். வக்கீல் நோட்டீஸ் வந்ததும் அதை நீக்கினார். ஆனால் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விஷயத்தைக் கையிலெடுத்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே இல்லை என்று அது கண்டது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. ஒருவர் கேட்ட கேள்வி அவ்வளவு தூரம் போனது.

வீட்டில் என்ன செய்யலாம்? முழுத்தடை போடாதீர்கள். தடை போட்ட பண்டத்தின் மீது நினைப்பு கூடும், ஒருநாள் உடையும்போது பெட்டியே காலியாகும். சாப்பாட்டுக்குப் பிறகு, வயிறு நிறைந்திருக்கும்போது ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு ஆசையோடு போராடுவது தோற்கப்போகும் போராட்டம். அந்த நேரத்துக்கு அவித்த கடலையோ சுண்டலோ வேண்டும். தூக்கம் குறைந்த மறுநாள் இனிப்பு அதிகம் கேட்கும் என்று தெரிந்திருந்தால் அன்று கொஞ்சம் கவனமாக இருக்கலாம். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாக்லேட் பழக்கம் உள்ளவர்களை 15 நிமிடம் வேகமாக நடக்க வைத்துவிட்டு, வேலை மேசையில் சாக்லேட்டையும் வைத்தார்கள். நடந்தவர்கள் நடக்காதவர்கள் தின்றதில் ஏறத்தாழ பாதியே தின்றார்கள். கடலை மிட்டாய்க்கு மாறினால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடலையின் புரதம் நல்லது, ஆனால் வெல்லமும் சர்க்கரைதான்.

தவறு கண்டால் எங்கே போவது என்று பலருக்குத் தெரிவதில்லை. காலாவதியானது, புழு இருந்தது, லேபிளே இல்லாதது என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்குப் படத்தோடு அனுப்பலாம். பொட்டலத்தையும் பில்லையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 40இன்படி, கட்டணம் செலுத்தி எந்த நுகர்வோரும் தான் வாங்கிய உணவை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். சட்டத்துக்கு மாறாக இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஏமாற்று விளம்பரம், அதிக விலை, சில்லறைத் தகராறு போன்றவற்றுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

பள்ளி வாசலைப் பற்றிப் பெற்றோர் சங்கங்கள் இன்னும் உரக்கப் பேச வேண்டும். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது என்று 2020ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. பொட்டலத்தின் முன்பக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். சிலி நாடு 2016 முதல் சர்க்கரை மிகுந்த பொட்டலங்களின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையை அச்சிட வைத்திருக்கிறது. எழுத்து தெரியாத பாட்டியும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். இங்கே 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் முன்வைத்த வரைவு, எச்சரிக்கைக்குப் பதில் நட்சத்திர மதிப்பெண் தரச் சொன்னது. ஒன்றரை நட்சத்திரம் போட்ட சாக்லேட்டைப் பார்த்து, ஏதோ கொஞ்சம் நல்லதுதான் போலிருக்கிறது என்று ஒரு தாய் நினைத்துவிட இடமுண்டு. ஆணையம் இத்தகைய வரைவுகளுக்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. தமிழிலும் எழுதி அனுப்புங்கள்: எச்சரிக்கை முன்பக்கத்தில் வேண்டும், நம் மொழியில் வேண்டும்.