கிளிமூக்கு மாம்பழமும் உலகக் குடிமக்களும்

செல்போனில் உலகமே பாடம் நடத்தும் காலத்தில் ஆந்திரா தன் மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பியது. பயன் உண்டா?

திருப்பதியில் உயர்கல்விக்குப் பஞ்சமில்லை. 1954ல் வந்தது வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983ல் பெண்களுக்கென்று பத்மாவதி, 2015ல் ஐ.ஐ.டி. பாடம் கேட்க இப்போது வகுப்பறைகூட வேண்டாம். மத்திய அரசு 2017ல் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தில் டில்லிப் பேராசிரியரின் வகுப்பைச் சித்தூரில் உட்கார்ந்து கேட்கலாம். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படிக்க 2021ல் யு.ஜி.சி. அனுமதித்தது.

ஆந்திர அரசோ எதிர்த்திசையிலும் ஒரு காலை வைத்தது. 2020-21ல் திருத்திய பட்டப்படிப்புப் பாடத்திட்டத்தில், முதலாண்டு முடிந்ததும் இரண்டு மாத சமூக சேவைத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. மொத்தம் 180 மணி நேரம். வீடு வீடாகக் கணக்கெடுப்பு, விழிப்புணர்வுப் பிரசாரம், கடைசியில் ஊர்ப் பிரச்சினை ஒன்றைப் பற்றி அறிக்கை. 1969 முதல் இருக்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் விரும்பியவர்கள் சேர்ந்தார்கள். இதில் மதிப்பெண் உண்டு, தப்ப முடியாது.

தப்ப வழியே இல்லையா என்ன? நாட்குறிப்பை வீட்டுத் திண்ணையிலேயே நிரப்பிவிடலாம். ஆசிரியர் எத்தனை ஊருக்குத்தான் போய்ப் பார்ப்பார்?

ஒழுங்காகப் போகிறவருக்குக் கிடைப்பது வேறு. உதாரணம், சித்தூரின் கிளிமூக்கு மாம்பழம். பெரும்பகுதி கூழாகி ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் கப்பலேறுகிறது. 2025 கோடையில் விளைச்சல் குவிந்தது. ஆலைகளிலோ முந்தைய ஆண்டின் கூழே தேங்கிக் கிடந்தது. விலை சரிந்தது. ஆலைகள் எட்டு ரூபாய், அரசு நாலு ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தார்கள். எட்டு ரூபாய் கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் புகார் சொன்னார்கள். கர்நாடக மாம்பழம் மாவட்டத்துக்குள் நுழையத் தடை விதிக்கப்பட, பக்கத்து முதல்வர் கடிதம் எழுதும் அளவுக்கு விவகாரம் போனது.

கணக்கெடுக்கும் மாணவி, “வருமானம் எவ்வளவு?” என்று கேட்டாலே போதும், இந்தக் கதை முழுக்க வந்துவிடும். அயல்நாட்டு வாணிபம் பற்றி செல்போனில் கேட்ட பாடம் அந்தத் தோப்பில்தான் புரியும்.

உலகப் பார்வை இந்தப் பக்கத்துக்குப் புதிதுமல்ல. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் அன்னிபெசன்ட் தொடங்கிய கல்லூரிக்கு 1919ல் தாகூர் வந்தார். ‘ஜன கண மன’வை ஆங்கிலமாக்கியது அங்கேதான். அதற்கு சுரக்குறிப்பு எழுதிய மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்துக்காரர்.

மாணவர்களின் அறிக்கைகள் மதிப்பெண் பெற்றபின் எங்கே போகின்றன என்பதுதான் உறுத்துகிறது. மாம்பழ விலை பற்றிய அறிக்கையின் தெலுங்கு நகல் ஒன்றை, எல்லையோர ஊர்களானால் தமிழ் நகலையும் சேர்த்து, கிராம சபையில் படித்துக் காட்டலாம். பதில் சொன்ன விவசாயிகள் அங்கேதான் இருப்பார்கள். எழுதியதில் தப்பிருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.