ஒரே குழாய், நாலு கம்பெனி

ஃபைபர் நெட் போட ஆகுற செலவுல பெரும்பங்கு கேபிளுக்கு இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா? பள்ளம் தோண்டி, குழாய் பதிச்சு, ரோட்டை மூடித் தர்றதுக்குத்தான் போகுது. ஃபைபர் இழை நம்ம தலைமுடி அளவுதான். பதிச்ச குழாய்ல இன்னும் சில கேபிள் போக இடம் இருக்கும். ஆனாலும் அடுத்த கம்பெனி வந்து அதே தெருவைத் திரும்பத் தோண்டும்.

தூத்துக்குடிக்காரங்களுக்கு இதைப் புரியவைக்கிறது சுலபம். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியும் கொழும்பு ரூட்டுல முட்டி மோதின. டிக்கெட் விலை மளமளன்னு இறங்கியது. அதுக்காக ஆளுக்கொரு துறைமுகமா கட்டினாங்க? போட்டி கப்பல்லதான்.

பிரிட்டன்ல பிடி குழுமத்தோட ஓப்பன்ரீச், தன் குழாய்களையும் கம்பங்களையும் போட்டி கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டே ஆகணும். வாடகையை ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்படுத்துது. இது இல்லைன்னா கஷ்டம்தான். குழாய்க்குச் சொந்தக்காரரே போட்டியாளர்னா ‘இடமில்லை’ன்னு சொல்றது ரொம்ப ஈஸி. நம்ம 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் பொதுக் குழாய்ப் பாதைகளுக்கு வழி செய்யுது. அவை எல்லா கம்பெனிக்கும் திறந்திருக்கணும்.

கம்பம் வேற கதை. ஒவ்வொரு கேபிளும் எடையைக் கூட்டும், காத்தை வாங்கும். நம்ம ஊர் உப்புக்காத்துல கிளாம்பும் துருப்பிடிக்கும். இஷ்டத்துக்குக் கட்ட முடியாது.

குழாய்லயும் ஒரு சிக்கல்: ஜேசிபி ஒரு தடவை கொத்தினா எல்லா கம்பெனியும் சேர்ந்து படுத்துரும். தோண்டுறவங்க முன்கூட்டியே தகவல் சொல்ல 2023-இல் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ ஆப் கொண்டுவந்தது இதுக்குத்தான். பேக்கப்புக்கு ரெண்டாவது கனெக்‌ஷன் வாங்கப் போறீங்களா? அதோட கேபிள் எந்த ரோடு வழியா வருதுன்னு முதல்ல கேளுங்க.