தாத்தா முகத்துல ஒரு ஆரஞ்சுக் கோடு!

ஆவடி வீட்டு பீரோவுல இருபது வருஷமா தூங்கிட்டு இருந்த அப்பாவோட ஃபிலிம் கேமராவை, தாத்தாவின் எண்பதாம் கல்யாணத்துக்காகத் தூசு தட்டி எடுத்தேன். பூந்தமல்லி மண்டபத்துல 36 கிளிக். ரோலைக் கழுவி வாங்கினா... பாதிப் படங்கள்ல தாத்தா முகத்து மேலேயே நெருப்புப் பிடிச்ச மாதிரி ஆரஞ்சுக் கோடு! அழாத குறைதான்.

'லேப்ல சொதப்பிட்டாங்க'ன்னு கொதிச்ச என்னை, எங்க ஏரியா ஸ்டுடியோ அண்ணன்தான் அடக்கினார். "தம்பி, பிரின்ட்டை விடுங்க, நெகட்டிவைப் பாருங்க. திருடன் எந்த வழியா வந்தான்னு அதுல இருக்கும்!"

நிஜம்தான் பாஸ்! கோடு, படத்தோட எல்லையைத் தாண்டி ஓரத்துத் துளைகள் வரை ஓடியிருந்தா, வெளிச்சம் நுழைஞ்சது பெரும்பாலும் பின்கதவு வழியா. படத்துக்குள்ளேயே நின்னுட்டா, ஷட்டர், லென்ஸ் பக்கம் சந்தேகப்படணும். ஆரஞ்சு நிறமும் ஒரு துப்பு. பின்னாலிருந்து வர்ற வெளிச்சம், கலர் ஃபிலிமோட அடித்தளத்தைக் கடந்து வர்றதால வர்ற கலர் அது. இன்னொரு ட்விஸ்ட்... ஃபிலிம்ல படம் தலைகீழாத்தான் விழும். படத்துல மேலே கோடுன்னா, ஓட்டை கேமராவோட கீழ்ப்பக்கம்!

என் கேமராவில் குற்றவாளி, கதவைச் சுத்தி ஒட்டியிருந்த கறுப்பு ஃபோம். 1970, 80-களில் வந்த பல கேமராக்களில் இதுதான் வெளிச்சத்துக்குக் காவல்காரன். வயசாக ஆக, வெப்பத்துலயும் ஈரக்காத்துலயும் தார் மாதிரி பிசுபிசுத்துப் போயிடும். சென்னைக்குச் சொல்லணுமா என்ன?

வைத்தியம் ரொம்ப சிம்பிள். உள்ளே ஃபிலிம் இல்லாதப்போ கதவைத் திறந்து, குப்பை விழாம ஷட்டருக்கு மேல ஒரு பேப்பரை மறைப்பா வைங்க. ஷட்டர்ல மட்டும் விரல் படவே கூடாது. பழைய ஃபோமைப் பல்குச்சியால சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச இயர் பட்ஸால துடைங்க. காய்ஞ்சதும், பள்ளத்துல கறுப்பு உல்லன் நூலை அமுக்கி வைங்க. கீல் பக்கம் மெல்லிய கறுப்பு வெல்வெட் துண்டு. கதவு முட்டாம மூடினா பாஸ்!

விசேஷத்துக்கு முன்னாடி ஒரு ரோலை வெயில்ல டெஸ்ட் பண்ணிடுங்க. விலைதான் வலிக்கும். 1960-ல் தொடங்கின இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டியில 'இந்து' ஃபிலிமைத் தயாரிச்சது. நம்ம அம்பத்தூர்லயும் அதுக்கு ஒரு யூனிட் இருந்தது. அதெல்லாம் பழங்கதை. இப்போ கைக்கு வர்ற கலர் ரோல் எல்லாம் ஃபாரின் சரக்கு. ஆனா, ஒரு ரோல் போனா இன்னொண்ணு வாங்கலாம். எண்பதாம் கல்யாணம் திரும்ப வருமா?

நூல் வெச்சு முடிச்சதும் தாத்தாவைத் திண்ணையில உட்கார வெச்சேன். "இந்தத் தடவையாவது என் மூஞ்சி தெரியுமாடா?"ன்னார்.

தெரிஞ்சது. பொக்கைவாய்ச் சிரிப்போட, ஒரு கோடுகூட இல்லாம!