‘நல்லா இருந்துச்சா?’ என்று கேட்டால் போதாது

பிள்ளையை அழைத்துப் போக வந்த அம்மா வாசலிலேயே விசாரணையைத் தொடங்குகிறார். "சோறு சாப்பிட்டியா?" "ம்." "தூங்குனியா?" "ம்." "அழுதியா?" "ம்." எல்லாக் கேள்விக்கும் ஒரே ‘ம்’, ஒரே முகம். அம்மா கவலையோடு நிமிர்ந்தால், "அவன் எங்கக்கா அழுதான், சிரிச்சிட்டுத்தான் இருந்தான்" என்கிறார் ஆயா.

வானூர் வட்டத்தில், ஆரோவிலை ஒட்டிய குயிலாப்பாளையத்திலும் பால்வாடி வாசல் பேச்சு இப்படித்தான் இருக்கும். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்ட பிறகு, முந்திரித் தோப்பையும் மானாவாரி நிலத்தையும் நம்பியிருந்த இந்தப் பக்கத்து ஊர்களின் வேலைநேரமே மாறிப்போனது. விருந்தினர் விடுதி, சமையற்கூடம், கைவினைப் பட்டறை என்று பெண்கள் காலையில் கிளம்பினால் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளையின் பகல் முழுவதும் வேறு யாருடைய கையிலோ கழிகிறது. அந்தப் பகல் பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்பது செல்லக் கேள்வி அல்ல. அறிவியல் முறைப்படி அளந்து பார்க்கக் கூடிய, அளந்தே ஆக வேண்டிய கேள்வி.

ஆனால் கேட்டு அறிவது கடினம். ஹெதர் ஃபிரிட்ஸ்லி, காங் லீ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆம்–இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகளுக்கு 2 வயதுப் பிள்ளைகள் தொடர்ந்து ‘ஆம்’ பக்கமே சாய்ந்தார்கள். புரிகிற கேள்வியாக இருந்தால் 4, 5 வயதில் இந்தச் சாய்வு மறைந்துவிட்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒகாண்டாவும் இதகுராவும் 2008இல் ஜப்பானிய, வியட்நாமியப் பிள்ளைகளிடம் இதையே சோதித்தார்கள். ஆசியப் பிள்ளைகளிடம் இரண்டு வயதுக்குப் பிறகும் ‘ஆம்’ சொல்லும் போக்கு தெரிந்தது. பெரியவர் கேட்டால் தலையாட்ட வேண்டும் என்று வளர்க்கப்படும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சிரிக்கும் முகம், அழும் முகம் என்று ஐந்து படங்களை வரிசையாக வைத்துத் தொடச் சொன்னால்? சின்ன வயதில் நடுவில் இருக்கும் முகங்களைத் தொடுவது குறைவு. ஒன்று மிகப் பிடிக்கும், இல்லையென்றால் பிடிக்கவே பிடிக்காது. பெற்றோரைக் கேட்பதும் முழு வழியல்ல. டெபி கிரையரும் மார்கரெட் புர்ச்சினலும் 1997இல் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதே மையத்துக்குப் பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் தந்ததைவிடப் பெற்றோர் மிக உயர்ந்த மதிப்பெண் தந்தார்கள். பெற்றோருக்குத் தெரிவதெல்லாம் விடும் நேரமும் கூப்பிடும் நேரமும்தான். நடுவில் உள்ள பகலை அவர்கள் பார்ப்பதே இல்லை.

ஆக, கூர்ந்து பார்க்க வேண்டும். இதற்கு நூறாண்டுக்கு நெருங்கிய மரபு உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மில்ட்ரெட் பார்ட்டன் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு நிமிடம் பார்ப்பார், தனியாக விளையாடுகிறதா, சேர்ந்தா, சும்மா நிற்கிறதா என்று குறிப்பார், அடுத்த பிள்ளைக்கு நகர்வார். 1932இல் வெளியான அந்த ஆய்வின் முறை இன்றும் பயன்படுகிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஃபெரே லாவெர்ஸ் உருவாக்கிய அளவுகோல் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. பிள்ளையின் மனநிம்மதிக்கு ஒன்று முதல் ஐந்து. செயலில் ஆழ்ந்திருப்பதற்கு ஒன்று முதல் ஐந்து. ஏறத்தாழ இரண்டு நிமிடம் பார்த்தால் போதும். முகம், உடலின் நிலை, விடாமுயற்சி, துல்லியம், வாயில் வரும் சொல் என்று கவனிக்க வேண்டிய அடையாளங்களையும் அவர் வகுத்திருக்கிறார். திருப்தி அந்த அடையாளங்களில் ஒன்று. பிள்ளை பேசும் மொழி எதுவானாலும் இந்த அளவுகோலுக்குப் பொருட்டில்லை. வீட்டில் தமிழும் தெருவில் பிரெஞ்சும் ஆங்கிலமும் காதில் விழும் குயிலாப்பாளையத்துக்கு இது பெரிய வசதி.

தமிழ்நாட்டுக்கென்றே ஓர் அளவுகோல் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தெல்மா ஹார்ம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபர்டும் 1980இல் மழலையர் பள்ளிச் சூழலை ஏழு புள்ளிகளில் மதிப்பிடும் கருவியை வெளியிட்டார்கள். பாடத்தை மட்டும் பார்க்காமல் அன்றாடப் பராமரிப்பையும் அது தனிப் பகுதியாக எடுத்துக்கொண்டது: வரவேற்பதும் வழியனுப்புவதும், சாப்பாடு, தூக்கம், கழிப்பறை. அந்தக் கருவியை நம் பால்வாடிகளில் அப்படியே வைக்க முடியாது. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2000ஆம் ஆண்டையொட்டி நம் நிலைமைக்கேற்ற அளவுகோல் ஒன்று உருவானது. ‘டெசர்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தப் பணிகளின் பின்னால் நின்றவர் மீனா சுவாமிநாதன். அவர் தலைமையிலான குழு 1972இல் தந்த அறிக்கைக்குப் பிறகுதான், 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. எண்ணிக்கையும் எடையும் மட்டுமே பேசப்பட்ட காலத்தில், மழலையர் கல்வியின் தரத்தையும் அளக்கலாம் என்று காட்டியது சிறிய காரியமல்ல.

அளக்கும்போது எங்கே பார்ப்பது? பெரும்பாலும் பாட்டு நேரத்தையும் கதை நேரத்தையும் பார்க்கிறோம். அதிகாரி வந்தாலும் அப்போதுதான் வருவார். பிள்ளையின் அதிருப்தி அங்கே இருப்பதில்லை. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிகளில் இருக்கிறது. இருபது பிள்ளைகளுக்கு ஒரே குழாய். கைகழுவி வந்த முதல் பிள்ளை தட்டின் முன் உட்கார்ந்து இருபதாவது பிள்ளைக்காகக் காத்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் என்றாலும் பத்து நிமிடம். மூன்று வயதில் பத்து நிமிடம் சும்மா உட்காருவது பெரிய தண்டனை. அதற்குள் ஒருவன் பக்கத்துத் தட்டை இழுக்கிறான், இன்னொருத்தி அழுகிறாள். "இன்னிக்கு ரொம்ப சேட்டை" என்று பழி பிள்ளைமேல் விழுகிறது. உண்மையில் குறை குழாயிலும் வரிசையிலும் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு பிள்ளைகளை மட்டும் பார்த்து, ‘விளையாட்டு, சாப்பாடு, காத்திருப்பு, அழுகை, தூக்கம்’ என்று ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தால், ஆறு மணி நேரப் பகலில் ஒரு பிள்ளைக்கு 36 குறிகள், ஐந்து நாளில் 180. அதில் ‘காத்திருப்பு’ எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் நாளைப் பற்றி வேறெந்த எண்ணும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது.

இதைப் பால்வாடி டீச்சரே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. தன் வகுப்பைத் தானே மதிப்பிடும் யாருக்கும் கண் கொஞ்சம் மென்மையாகிவிடும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். அவர்கள் ஒத்துப்போவதையும் கவனமாகக் கணக்கிட வேண்டும். இருவரும் நூற்றில் 80 முறை ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதுகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையைப் பார்க்காமலே குத்துமதிப்பாக எழுதினாலும் அவர்கள் 68 முறை ஒத்துப்போவார்கள். ‘நன்று’ என்பதில் 64, ‘நன்றில்லை’ என்பதில் 4. ஆகவே 80 முறை ஒத்துப்போனார்கள் என்று மகிழ்வதற்கில்லை. தற்செயலுக்கு மேலே கிடைத்தது 12. கிடைத்திருக்கக் கூடியது 32. வகுத்தால் 0.375. ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த ‘கப்பா’ என்ற இந்தக் கணக்கு, இரண்டு பார்வையாளர்களும் இன்னும் பயிற்சி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

வெளியே தெரியாத அதிருப்தியும் உண்டு. அழாமல் ஒடுங்கி உட்காரும் பிள்ளையை ‘சமத்து’ என்கிறோம். அதன் உடல் வேறு சொல்லலாம். மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உயர்ந்திருந்து மாலைக்குள் இறங்குவது இயல்பு. மேகன் கன்னரின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் உமிழ்நீரைச் சோதித்தார்கள். காப்பக நாட்களில், நடக்கத் தொடங்கிய வயதுப் பிள்ளைகளில் 71 விழுக்காட்டினருக்கு அது பகலில் ஏறியது. வீட்டில் இருந்த நாட்களில் அவர்களில் 64 விழுக்காட்டினருக்கு இறங்கியது. மற்றப் பிள்ளைகளோடு அதிகம் விளையாடியவர்களுக்குக் கார்டிசால் குறைவாக இருந்தது. உமிழ்நீர்ப் பரிசோதனை எந்தப் பால்வாடிக்கும் தேவையில்லை. ஆனால் ‘அழவில்லை’ என்பதை ‘மகிழ்ச்சியாக இருக்கிறது’ என்று எழுதிவிடக் கூடாது என்பதை இந்த ஆய்வு உறுதிப்படுத்துகிறது. மதியத் தூக்கமும் அப்படியே. எல்லோரும் பாயில் படுத்தே ஆக வேண்டும் என்ற விதியின் கீழ், தூக்கம் வராத நான்கு வயதுப் பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருப்பது தூக்கக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

பிள்ளையின் சொந்தக் குரலுக்கும் வழி இருக்கிறது. லண்டனில் அலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் 2001இல் வெளியிட்ட முறையில் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, தங்கள் பள்ளியைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். கேள்வி கேட்பதைவிட இது நேர்மையான வழி. எங்கே நிற்கிறது, எந்த மூலையைத் தவிர்க்கிறது, யார் கையைப் பிடித்துக்கொள்கிறது என்பதெல்லாம் பதில்கள். இன்று ஒரு கைபேசி போதும். எடுத்த படங்கள் அந்தப் பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

அளந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். மதிப்பெண் குறைந்தது என்று டீச்சரைக் கடிந்துகொள்வதானால் அளக்காமலே இருக்கலாம். பதிவேடு, எடை பார்த்தல், சத்துமாவுக் கணக்கு, சமையல் மேற்பார்வை எல்லாம் ஒரே டீச்சர், ஒரே ஆயா தலையில். அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடிகளில் நடத்திய சோதனை இதற்கு நேரடியான விடை தருகிறது. குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் மொழியும் கணக்கும் முன்னேறின. பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததால், கடுமையான ஊட்டக் குறைவும் குறைந்தது.

திருப்திக் கணக்கில் காத்திருப்பு அதிகம் என்று வந்தால் முதலில் செய்ய வேண்டியவை எளியவை. பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்று கைகழுவும்போது மற்றொன்று பாட்டில் இருக்கட்டும். இன்னொரு குழாய் வைக்கலாம். கழுவி வந்தவர்களுக்கு உடனே பரிமாறலாம். தூக்கம் வராதவர்களுக்கு மூலையில் படப் புத்தகம் கொடுக்கலாம். இவற்றில் பாதிக்குப் பணம் தேவையில்லை. மீதிக்கு இன்னொரு ஆள் தேவை. அந்த ஆளைக் கேட்டு மனு எழுதும்போது, நான்கு பிள்ளைகளின் ஐந்து நாள் தாளையும் அதோடு இணைத்துக் கொடுக்கலாம்.